கிழிந்தாலும் பேசும் கட்டம்! சிவகாசி பெட்டியிலிருந்து செல்போன் சிப் வரை ஒரு பிழைக் கணக்கு

சிவகாசியில் ஏற்றிய பட்டாசுப் பெட்டி, வாங்குபவர் கைக்குப் போய்ச் சேர்வதற்குள் படாத பாடு படும். லாரியில் அடுக்கி, தார்ப்பாய் போர்த்தி, கயிறு இழுத்துக் கட்டுவார்கள். வழியில் மழை பிடிக்கும். குடோனில் ஈரம். கடையில் இறக்கும்போது மூலை நசுங்கும். பெட்டியின் பக்கவாட்டில் அச்சாகியிருக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டத்தின் மீது உராய்ந்து ஒரு கோடு விழுந்திருக்கும். இல்லையென்றால் கடைக்காரர் விலை ஸ்டிக்கரைச் சரியாக அதன் ஓரத்திலேயே ஒட்டியிருப்பார்.

ஆனாலும் செல்போனை நீட்டினால் சட்டென்று படித்துவிடுகிறது. அழிந்த இடத்தில் என்ன இருந்தது என்று போனுக்கு யார் சொன்னது?

அழியாமல் மிஞ்சிய இடம்தான் சொல்கிறது!

இந்தக் கட்டம் சிவகாசிக்கு வெறும் அலங்காரம் அல்ல. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம், மாசு குறைந்த பட்டாசுகளையும் 'பசுமைப் பட்டாசு'களையும் மட்டுமே தயாரிக்கலாம், விற்கலாம் என்றது. அடுத்த ஆண்டே நாகபுரியில் இருக்கும் 'நீரி' (தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம்) பசுமைப் பட்டாசுக்கான கலவைகளைக் கொடுத்தது. கூடவே, போலியைக் கண்டுபிடிக்கப் பெட்டியில் க்யூஆர் கோடு போடும் ஏற்பாடும் வந்தது. 2025 அக்டோபரில் தில்லி வட்டாரத்தில் தீபாவளியை ஒட்டிச் சில நாள்கள் மட்டும் பசுமைப் பட்டாசுக்கு அனுமதி கொடுத்தபோதும், க்யூஆர் கோடு உள்ள சரக்குதான் விற்கப்படுகிறதா என்று பார்க்கச் சொன்னது நீதிமன்றம்.

ஆக, ஆண்டு முழுக்க வெயிலில் மருந்து செலுத்தி, திரி வைத்து, பெட்டி ஒட்டியவர்களின் உழைப்பு கடைசியில் ஒரு சின்னக் கட்டம் படிக்கப்படுவதில் வந்து நிற்கிறது. அது படிக்கப்பட வேண்டுமென்றால், அதில் விழும் பிழைகள் திருத்தப்பட வேண்டும். அந்தத் திருத்தத்துக்கு ஒரு விலை உண்டு. அச்சில் இடமாகவும், சிப்பில் மின்சாரமாகவும் அது கொடுக்கப்படுகிறது. அந்த விலையை எப்படிக் குறைப்பது என்று உலகெங்கும் பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தினசரித் தாளில் ஒரு பாடம்

கணக்கு என்றதும் பக்கத்தை மூடிவிட வேண்டாம். சிவகாசியிலேயே அச்சாகும் இன்னொரு பொருளை எடுத்துக்கொள்வோம்: தினசரி நாட்காட்டி. ஒவ்வோர் ஆண்டும் ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு அடுத்த ஆண்டுக்கான ஆல்பத்தை வெளியிடுவது அங்கே வழக்கம்.

2026 பொங்கல் நாளின் தாள். பெரிதாக '15' என்று போட்டிருக்கிறது. கீழே வியாழன். இன்னொரு மூலையில் தை 1. இப்போது 5 என்ற எண்ணின் மீது ஒரு சொட்டுக் காபி விழுந்து அழிந்துவிட்டது. கவலையே இல்லை. அந்த ஜனவரியில் 10-க்கும் 19-க்கும் நடுவே வரும் வியாழன் ஒன்றுதான். அது 15. கிழமையும் கிழிந்துவிட்டதா? தை 1 இருக்கிறது.

தேதியை மட்டும் போட்டிருந்தாலே போதும். கிழமையும் தமிழ்த் தேதியும் ஒரு வகையில் 'தேவையில்லாத' தகவல்கள்தான். அந்தத் தேவையில்லாத தகவல்தான் ஆபத்துக்கு உதவுகிறது.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. எண் அழிந்து போவது ஒரு வகைச் சிக்கல். எண் தவறாக மாறிப் போவது வேறு வகை. தாளில் '16' என்று தவறாக அச்சாகி, கீழே வியாழன் என்று இருந்தால், எங்கோ பிழை என்பது மட்டும் தெரியும். தேதி தவறா, கிழமை தவறா? சொல்ல முடியாது. தை 1 என்ற மூன்றாவது சாட்சியும் இருந்தால் இரண்டுக்கு ஒன்று என்று தீர்ப்புச் சொல்லலாம். அழிந்ததை மீட்பதைவிட, மாறியதைத் திருத்துவதற்குச் சாட்சி அதிகம் வேண்டும்.

பிழைத்திருத்தக் குறியீடு என்ற முழுத் துறையும் இந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1940-களின் கடைசியில் ரிச்சர்ட் ஹாமிங் என்ற கணித அறிஞர் வார இறுதிகளில் கணினியில் வேலையை ஏற்றிவிட்டுப் போவார். திங்கட்கிழமை வந்து பார்த்தால், நடுவில் ஒரு பிழை வந்து இயந்திரம் வேலையை அப்படியே கைவிட்டிருக்கும். பிழை வந்தது தெரிகிறது என்றால், எங்கே வந்தது என்று கண்டுபிடித்து அதுவே திருத்திக்கொள்ளக் கூடாதா என்ற எரிச்சலில் பிறந்ததுதான் 1950-ல் அவர் வெளியிட்ட குறியீடு. எரிச்சலுக்கும் சில நல்ல பலன் உண்டு.

குட்டி ஜப்பானுக்கு வந்த ஜப்பான் கட்டம்

சிவகாசிக்குக் 'குட்டி ஜப்பான்' என்று பெயர். க்யூஆர் கோடும் ஜப்பானில் பிறந்ததுதான். 1994-ல் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா என்ற பொறியாளரின் குழு அதை உருவாக்கியது. கார் உதிரிபாகங்களைக் கணக்கெடுக்கத்தான் முதலில் வந்தது. தொழிற்சாலையில் எண்ணெய்ப் பிசுக்கும் அழுக்கும் ஒட்டும். எனவே ஒரு பகுதி மறைந்தாலும் படிக்க வேண்டும் என்பது பிறவியிலேயே வைத்த நிபந்தனை.

அச்சுத் தொழில் தெரிந்தவர்கள் ரசிக்கும் சங்கதி ஒன்று இதில் இருக்கிறது. க்யூஆர் கோட்டின் மூன்று மூலைகளிலும் சதுரத்துக்குள் சதுரம் இருக்குமே, அதன் நடுவே எந்தத் திசையில் கோடு போட்டாலும் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்பது 1:1:3:1:1 என்ற விகிதத்தில் வரும். ஹாராவின் குழு நோட்டீஸ், பத்திரிகை, அட்டைப்பெட்டி என்று அச்சான பொருள்களை எல்லாம் அலசி, அவற்றில் மிக அரிதாக வரும் விகிதம் எது என்று தேடி இதைப் பிடித்தது. பெட்டியில் ராக்கெட் படமும் எழுத்தும் எத்தனை இருந்தாலும் கேமரா கட்டத்தைச் சரியாகக் கண்டுபிடிப்பது அதனால்தான். ஆஃப்செட் தாளின் ஓரத்தில் நான்கு நிறமும் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வைக்கும் ரிஜிஸ்டர் குறிக்கு இதைத் தூரத்து உறவு என்று சொல்லலாம்.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? இருப்பதிலேயே சிறிய க்யூஆர் கோட்டில் 21-க்கு 21 கட்டங்கள். அதில் தகவலுக்கான இடம் 26 'சொற்கள்'; ஒவ்வொரு சொல்லும் எட்டு கட்டம். இந்த 26-ல் எத்தனை உண்மையான தகவல், எத்தனை சாட்சி என்பதை அச்சிடுபவர் தேர்ந்தெடுக்கலாம். நான்கு நிலைகள் உண்டு. மிகக் குறைந்த 'எல்' நிலையில் 19 தகவல், 7 சாட்சி. மிக உயர்ந்த 'ஹெச்' நிலையில் தலைகீழ்: 9 சொற்கள்தான் தகவல், 17 சொற்கள் சாட்சி! அந்த 17-ஐ வைத்து 8 சொற்கள் வரை மாறிப்போனாலும் திருத்திவிடலாம். ஏறக்குறைய முப்பது சதவிகிதம்.

அப்படியென்றால் எல்லோரும் ஹெச் நிலையே போடலாமே? அங்கேதான் அச்சகத்துக்காரரின் அனுபவம் பேசுகிறது. ஒரே தகவலுக்குச் சாட்சியைக் கூட்டினால் கட்டங்களின் எண்ணிக்கை கூடும். இடம் அதேதான் என்றால் ஒவ்வொரு கட்டமும் சிறுக்கும். மலிவான அட்டையில் மை சற்றே பரவும். சின்னக் கட்டத்தில் அந்தப் பரவலே பக்கத்து வெள்ளையைத் தின்றுவிடும். பிழையைச் சமாளிக்க எடுத்த முயற்சியே பிழையைக் கொண்டுவரும். பெரிய பெட்டியில் தாராளம் காட்டலாம். தீப்பெட்டி அளவு லேபிளில் கஞ்சத்தனம்தான் புத்திசாலித்தனம்.

போஸ் கொடுத்த பூட்டு

இந்தச் சாட்சிகளைக் கணக்கிடும் முறைக்கு ரீட்-சாலமன் குறியீடு என்று பெயர். 1960-ல் இர்விங் ரீட், கஸ்டவ் சாலமன் என்ற இருவர் எழுதியது. அதே 1960-ல், சில மாதங்கள் முன்பாக, இன்னொரு கட்டுரை வெளிவந்தது. எழுதியவர்கள் ராஜ் சந்திர போஸ், அவருடைய மாணவர் ரே-சௌதுரி. இருவரும் இந்தியர்கள்.

போஸ் 1901-ல் ஹோஷங்காபாத்தில் பிறந்தவர். கொல்கத்தாவில் மஹலநோபிஸ் நடத்திய இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். எந்தப் பாத்தியில் எந்த ரகத்தை விதைத்தால் சோதனை நியாயமாக இருக்கும் என்பது போன்ற கேள்விகளுக்குக் கணிதத்தில் விடை தேடிய இடம் அது. அதற்காக எண்ணிக்கைக்கு உட்பட்ட எண்களை மட்டும் கொண்ட ஒரு தனி எண் உலகத்தைப் போஸ் ஆழமாகக் கற்றார். 1949-ல் அமெரிக்கா போனவர், வயலுக்காகக் கற்ற அதே வித்தையைப் பிழைத் திருத்தத்துக்குத் திருப்பினார். பிரான்ஸின் ஹோக்கெங்கெம் அதே குறியீட்டை 1959-ல் தனியாகக் கண்டுபிடித்திருந்தார். மூவர் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து பிசிஎச் குறியீடு என்கிறார்கள். நடுவில் 'சி' எங்கிருந்து வந்தது என்றால், சௌதுரியிலிருந்து!

பட்டாசுப் பெட்டியிலும் போஸ் இருக்கிறார். எந்தத் திருத்த நிலை, எந்த வகை அமைப்பு என்று சொல்லும் ஐந்து பிட் தகவலைப் படித்தால்தான் க்யூஆர் கோட்டின் மற்ற பகுதியையே திறக்க முடியும். வாசல் சாவி மாதிரி. எனவே அந்த 5 பிட்டுடன் 10 பிட் சாட்சி சேர்த்து, 15 பிட்டாக, இரண்டு இடங்களில் எழுதிவைக்கிறார்கள். பதினைந்தில் எந்த மூன்று மாறினாலும் திருத்திவிடலாம். அது பிசிஎச் குறியீடு.

ஒன்றை இங்கே சொல்லியே ஆக வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் மழைக்கும் கயிற்றுக்கும் காபிக்கும்தான் எதிரி. பொய்க்கு அல்ல. ஒரு நல்ல பெட்டியின் க்யூஆர் கோட்டைப் படம் பிடித்து வேறு பெட்டியில் அச்சிட்டால், அது அட்சரசுத்தமாகப் படிக்கும். போலியை அடையாளம் காண வேண்டியது, போன் தொடர்புகொள்ளும் மறுமுனையில் இருக்கும் பதிவேடுதான். 'ஸ்கேன் ஆகிறது, அதனால் அசல்' என்று நம்புவது, பூட்டு நன்றாக இருக்கிறது, அதனால் வீடு என்னுடையது என்பதைப் போல.

கட்டத்திலிருந்து கோபுரத்துக்கு

க்யூஆர் கோட்டைத் திருத்துவது இன்றைய போனுக்குத் தூசு. இருபத்தாறு சொல்லோ சில நூறு சொல்லோ, சாதாரண மென்பொருளே முடித்துவிடும். உண்மையான பாரம் அதற்கு அடுத்த நொடியில் வருகிறது. படித்த எண்ணைப் பதிவேட்டில் சரிபார்க்க, போன் இணையத்துக்குப் போகிறது. காற்றில் வரும் ஒவ்வொரு பிட்டும் சுவர், மரம், பக்கத்துப் போன், ஓடும் பேருந்து எல்லாவற்றிலும் அடிபட்டுத்தான் வந்து சேரும். கயிறு உரசிய பெட்டி என்பது எப்போதாவது. காற்றில் உரசல் எப்போதும். அதுவும் வினாடிக்குக் கோடிக்கணக்கான பிட்.

5ஜியில் தகவலைக் காப்பது எல்டிபிசி என்ற குறியீடு. ராபர்ட் காலகர் 1960-ல் எம்ஐடியில் முனைவர் பட்டத்துக்காக எழுதியது. எழுதிய பிறகு? ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் யாரும் சீண்டவில்லை. குறியீடு தப்பில்லை. அதை அவிழ்த்துப் படிக்கும் இயந்திரம், அதாவது டீகோடர், அன்றைய மின்னணுவில் கட்டுப்படியாகவில்லை. 1990-களில் சிப்கள் வளர்ந்த பிறகுதான் டேவிட் மெக்கேயும் ராட்ஃபோர்ட் நீலும் அதைத் தூசு தட்டி எடுத்தார்கள். குறியீட்டைத் தாளில் எழுதிவிடலாம். காசும் கரண்டும் கேட்பது டீகோடர்தான்.

எல்டிபிசி எப்படி வேலை செய்கிறது? மதுரை, விருதுநகர்ப் பக்கத்துக்காரர்களுக்கு மொய் நோட்டை வைத்தே சொல்லிவிடலாம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அந்தப் பக்கத்தின் கூட்டுத்தொகை இருக்கிறது. தனியாக ஊர்வாரிக் கூட்டுத்தொகையும், வகையறாவாரிக் கூட்டுத்தொகையும் எழுதி வைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மண்டபத்தில் ரசம் கொட்டி நோட்டில் பத்து இடங்களில் எண் கலைந்துவிட்டது. ஒரு பக்கத்தில் ஒரே ஓர் எண்தான் கலைந்திருக்கிறது என்றால் பக்கக் கூட்டுத்தொகையை வைத்தே அதைக் கண்டுபிடிக்கலாம். அது தெரிந்தவுடன், அந்த ஊரின் கணக்கில் பாக்கி ஒன்றுதான் தெரியாதது என்று ஆகிவிடும். அதையும் பிடிக்கலாம். அது இன்னொரு வகையறாவுக்கு உதவும். இப்படிச் சுற்றிச் சுற்றி வந்தால் பத்தும் வெளிவந்துவிடும்.

காற்றில் வரும் பிட் முழுதாக அழிவதில்லை, அரைகுறையாக வரும். '500-ஆ 600-ஆ, 500 மாதிரிதான் தெரிகிறது' என்கிற மாதிரி. எனவே டீகோடருக்குள் ஒவ்வொரு பிட்டும் தன் சந்தேக அளவையும் சேர்த்துச் சொல்கிறது. ஒவ்வொரு கூட்டுத்தொகையும் தன்னிடம் இருக்கும் பிட்களைக் கேட்டு, 'மற்றவர்கள் சொல்வதைப் பார்த்தால் நீ இப்படி இருக்க வேண்டும்' என்று திருப்பிச் சொல்கிறது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, ஐந்து சுற்று. எல்லாக் கூட்டுத்தொகையும் பொருந்தினால் ஆட்டம் முடிந்தது.

கரண்டு எங்கே போகிறது?

இந்தச் சுற்றுகளில்தான் பேட்டரி கரைகிறது. ஒரு பிட்டைத் திருத்த ஆகும் மின்னாற்றலைப் பிகோ ஜூல் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு ஜூலில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அற்பமாகத் தெரியும். ஆனால் வினாடிக்கு 100 கோடி பிட் வரும்போது, பிட்டுக்கு 1 பிகோ ஜூல் என்றால் 1 மில்லிவாட். பிட்டுக்கு 100 என்றால் 100 மில்லிவாட். உள்ளங்கையில் இருக்கும் பொருளுக்கு அந்த வித்தியாசம் சூடாகவே தெரியும். ஊரிலுள்ள எல்லாப் போன்களின் பேச்சையும் சேர்த்து அவிழ்க்கும் செல்போன் கோபுரத்துக்கோ அது கரண்டு பில்.

வேடிக்கை என்னவென்றால், கூட்டல் கழித்தலுக்கு ஆகும் செலவைவிட, அந்த எண்களை நினைவகத்திலிருந்து எடுத்து, கம்பி வழியே கொண்டுபோய், திரும்ப வைப்பதற்குத்தான் பெரும்பாலும் அதிகம் செலவாகிறது. பொருளைவிட லாரி வாடகை அதிகம் என்று சொல்வார்களே, அதே கதை. எனவே வடிவமைப்பாளர்கள் முதலில் சரக்கைக் குறைக்கிறார்கள். சந்தேக அளவைப் பத்து இலக்கத் துல்லியத்தில் சொல்ல வேண்டாம். நான்கைந்து பிட்டில் 'நிச்சயம்', 'அநேகமாக', 'இருக்கலாம்' என்ற அளவுக்குச் சொன்னால் போதும் என்கிறார்கள்.

அடுத்தது, கணக்கைக் குறைப்பது. முறைப்படி செய்தால் ஒவ்வொரு கூட்டுத்தொகையும் சிக்கலான மடக்கைக் கணக்கு போட வேண்டும். அதற்குப் பதில் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. மொய் நோட்டுக்கே திரும்புவோம். ஒரு பக்கத்தின் கூட்டுத்தொகையை வைத்து ஓர் எண்ணைக் கண்டுபிடித்தால், அந்த விடையை எவ்வளவு நம்பலாம்? அந்தப் பக்கத்தின் மற்ற எண்களில் எது மிகவும் சந்தேகமானதோ, கிட்டத்தட்ட அந்த அளவுக்குத்தான். எனவே பெரிய கணக்கே வேண்டாம், இருப்பதில் சிறிய எண்ணைத் தேடி எடுத்தால் போதும். துல்லியம் இம்மியளவு குறையும். சிப்பின் பரப்பும் மின்சாரமும் கணிசமாகக் குறையும். இன்றைய டீகோடர்கள் பலவும் இந்தக் குறுக்கு வழியில் சிறு திருத்தம் செய்து ஓடுபவைதான்.

மூன்றாவது, சும்மா இருக்கக் கற்றுக்கொள்வது. சிக்னல் நன்றாக இருக்கும்போது இரண்டு சுற்றிலேயே எல்லாம் பொருந்திவிடும். அப்போதும் எட்டுச் சுற்று ஓடினால் வீண் செலவு. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பார்த்து, பொருந்தியவுடன் நிறுத்தும் ஏற்பாட்டைச் சேர்க்கிறார்கள். நல்ல சமையல்காரர் குழம்பு கொதித்த பிறகு அடுப்பை எரியவிட மாட்டார்.

ஒரே மெஷின், ஆயிரம் வேலை

இதுவரை சொன்னது சிக்கனம். இன்னொரு தலைவலி இருக்கிறது: வளைந்து கொடுப்பது.

5ஜியில் வாட்ஸ்அப் செய்தியும் போகும், சினிமாவும் போகும். ஒன்று சில நூறு பிட். இன்னொன்று 8,448 பிட் கொண்ட கட்டு கட்டாக. சிக்னல் நன்றாக இருந்தால் சாட்சி குறைவு, மோசமானால் அதிகம். இதற்காக 5ஜி தரத்தில் இரண்டு அடிப்படை அமைப்புகளும், அவற்றைப் பெருக்கிக்கொள்ள 2 முதல் 384 வரை 51 அளவுகளும் இருக்கின்றன. இது தகவலுக்கு மட்டும். கட்டுப்பாட்டுச் செய்திக்கு, துருக்கிப் பேராசிரியர் எர்டால் அரிகான் 2009-ல் வெளியிட்ட போலார் குறியீடு. 4ஜிக்கு மாறினால் டர்போ குறியீடு. வைஃபைக்குத் தனி எல்டிபிசி. மொட்டை மாடி டிஷ் ஆன்டெனாவின் டிவிபி-எஸ்2 தரத்தில் எல்டிபிசியும் நம் போஸின் பிசிஎச்சும் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கும்.

ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டீகோடர் கட்டலாமா? சிவகாசியில் எந்த அச்சகத்திலும் கேட்டால் பதில் கிடைக்கும். ஆண்டு முழுக்க ஒரே லேபிளை மட்டும் அடிக்கும் மெஷின் வைத்தால், அதைவிட வேகமும் மலிவும் கிடையாது. ஆனால் அந்த ஆர்டர் நின்றால் மெஷினும் நிற்கும். எல்லா வேலையையும் எடுக்கும் மெஷின் வைத்தால், ஒவ்வொரு முறையும் பிளேட் மாற்றி, மை கழுவி, ரிஜிஸ்டர் சரிசெய்வதற்குள் ஒரு கட்டுத் தாள் வேஸ்ட். சிப்பிலும் அப்படியே. ஒரே குறியீட்டுக்குச் செய்த சிப் மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும். தரம் மாறினால் குப்பை. கம்ப்யூட்டர் பிராசஸர் எந்தக் குறியீட்டையும் அவிழ்க்கும், பேட்டரியைக் குடித்துவிடும்.

நடுவழிதான் இந்தத் துறையின் சாமர்த்தியம். 5ஜியின் எல்டிபிசி அமைப்பில், எண்களை வட்டமாகச் சுழற்றி அடுக்கியிருப்பார்கள். எனவே சிப்பில் ஒரே சுழற்றும் சுற்றைக் கட்டி, '384-க்குச் சுழற்று', 'இப்போது 96-க்குச் சுழற்று' என்று கட்டளை கொடுத்தால் 51 அளவும் அடங்கிவிடும். சிறிய அளவு வரும்போது 384 வரிசைகளில் பெரும்பாலானவை வேலையில்லாமல் நிற்கும். அவற்றின் மின்துடிப்பை நிறுத்திவிடலாம். அல்லது பல சிறிய கட்டுகளை ஒன்றாக ஏற்றி ஒரே ஓட்டத்தில் அவிழ்க்கலாம். நான்கு பேருடைய சின்ன லேபிள்களை ஒரே பெரிய தாளில் சேர்த்துப் போட்டு அடித்து, பிறகு வெட்டிப் பிரித்துக் கொடுப்பது சிவகாசிக்குப் புதிதா என்ன!

பிழையை ஊகித்தால் போதுமே!

சில ஆண்டுகளுக்கு முன் வேறு திசையிலிருந்து ஒரு யோசனை வந்தது. எம்ஐடியின் மியூரியல் மெடார்டும் அயர்லாந்தின் கென் டஃபியும் கேட்ட கேள்வி: ஒவ்வொரு குறியீட்டின் அமைப்பையும் ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? குறியீடு ஆயிரம் இருக்கலாம். காற்றில் வரும் இரைச்சல் எல்லாவற்றுக்கும் ஒன்றுதானே?

அனுபவமுள்ள புரூஃப் ரீடரை நினைத்துப் பாருங்கள். அவர் கையில் ஒரு தவறான சொல் கிடைத்தால், அகராதியை முதலிலிருந்து புரட்ட மாட்டார். 'ல'வுக்கு 'ள' போட்டிருப்பார்கள், ஒற்று விட்டிருப்பார்கள் என்று வழக்கமான பிழைகளை வரிசையாகப் போட்டுப் பார்ப்பார். எது சரியான சொல்லாக ஆகிறதோ அதோடு நிறுத்துவார். 'கிராண்ட்' என்ற இந்த முறையும் அதையே செய்கிறது. முதலில் பிழையே இல்லை என்று ஊகிக்கும். பொருந்தவில்லையா? எந்தப் பிட் மிகவும் சந்தேகமோ அதை மாற்றிப் பார்க்கும். பிறகு அடுத்தது. பிறகு இரண்டு சேர்த்து. ஒவ்வொரு முறையும் 'இது குறியீட்டில் உள்ள சொல்தானா' என்ற ஒரே கேள்விதான். எந்தக் குறியீடாக இருந்தாலும் இந்தக் கேள்விக்கு எளிதில் விடை கிடைக்கும். பெரும்பாலும் பிழை குறைவாகவே இருப்பதால், முதல் சில ஊகங்களிலேயே வேலை முடிந்து மின்சாரம் மிச்சமாகிறது.

2021-ல் பாஸ்டன் பல்கலைக்கழகமும் எம்ஐடியும் அயர்லாந்தின் மேனூத் பல்கலைக்கழகமும் சேர்ந்து இதை நிஜமான சிப்பாகவே காட்டின. 2023-ல் வந்த அடுத்த சிப், பிட்டுக்கு 0.8 பிகோ ஜூலுக்கும் குறைவான ஆற்றலில் ஓடியது. ஆனாலும் எல்டிபிசிக்கு நாளையே விடை கொடுத்துவிட முடியாது. சாட்சி பிட்கள் அதிகமாக உள்ள நீண்ட கட்டுகளில் ஊகங்களின் எண்ணிக்கை தலைசுற்றும் அளவுக்குப் பெருகிவிடும். சின்னச் செய்திகளுக்குத்தான் இது கெட்டிக்காரப் பிள்ளை. ஒரு பெட்டியின் எண்ணைச் சரிபார்ப்பது, ஒரு மீட்டர் தன் அளவைச் சொல்வது போன்றவை.

சென்னையில் ஒரு சோதனைக் களம்

நம் ஊரில் யார் இதைச் செய்கிறார்கள் என்ற கேள்வி வரும். 2022 மே 17 அன்று பிரதமர் தொடங்கிவைத்த உள்நாட்டு 5ஜி சோதனைக் களத்தைச் சென்னை ஐஐடி தலைமையில் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கின. செலவு 220 கோடி ரூபாய்க்கு மேல். இங்கேயே உருவாகும் 5ஜி கருவிகளையும் சிப்களையும் வெளிநாட்டுக்கு அனுப்பாமல் இங்கேயே சோதிக்க அது வழி செய்தது. அதுவரை அந்த வசதிக்கு வெளிநாட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது கொஞ்சம் உறுத்தும் விஷயம்தான்.

அதே ஐஐடியில் பேராசிரியர் ஆண்ட்ரூ தங்கராஜ், 5ஜியின் எல்டிபிசி, போலார் குறியீடுகளைப் பற்றி மட்டுமே என்பிடெல் தளத்தில் ஒரு முழுப் பாடம் நடத்தியிருக்கிறார். கட்டணம் இல்லை, நுழைவுத் தேர்வு இல்லை. சிவகாசியில் 1984-லிருந்து மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் மாணவரோ, அச்சகத்தில் ஷிப்ட் முடிந்து வரும் இளைஞரோ, போனிலேயே அதைப் பார்க்கலாம். 5ஜியில் பார்த்தால், பேராசிரியர் பலகையில் எழுதும் ஒவ்வொரு வரியும், அவர் அங்கே விளக்கிக்கொண்டிருக்கும் அதே டீகோடர் வழியாகத்தான் திருத்தப்பட்டுத் திரைக்கு வருகிறது.